வயிற்றுக்குள் பூசும் தடுப்பு ஜெல்: படத்தில் தெரிவதும் நோயாளிக்குக் கிடைப்பதும்

வயிற்று அறுவையின் இறுதியில், உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காகப் பூசப்படும் தடுப்பு ஜெல்லை அறிமுகப்படுத்த வரும் விற்பனைப் பிரதிநிதி யாராக இருந்தாலும், அவருடைய கையேட்டில் இரண்டு படங்கள் பக்கம் பக்கமாக இருக்கும். முதல் படத்தில் கருப்பையின் பின்புறத்தோடு குடல் வெண்ணிற நார்ப்பட்டைகளால் இறுகப் பிணைந்திருக்கும். இரண்டாவது படத்தில் அதே இடம் வழவழப்பாக, ஈரப் பளபளப்போடு தனித்து நிற்கும். அந்தப் படங்கள் பொய்யானவை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பொருளை மதிப்பிடும்போது, அது படத்தில் என்ன செய்கிறது என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல், அதை உடலுக்குள் வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறவருக்கு என்ன செய்கிறது என்றும் கேட்டாக வேண்டும். இவ்விரு கேள்விகளுக்கும் ஒரே விடை கிடைப்பதில்லை என்பதுதான், அறுவை அரங்கில் இத்தகைய பொருள்களைக் கையாண்டு வருபவன் என்ற முறையில் என்னுடைய கணிப்பு.

வயிற்றைத் திறந்து செய்யும் அறுவைக்குப் பின் பத்தில் ஒன்பது பேருக்கு ஏதோ ஓர் அளவில் உள் ஒட்டுதல் உண்டாகிறது என்பது அறுவை மருத்துவத்தில் நெடுநாளாகச் சொல்லப்பட்டுவரும் கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் அது இருப்பதையே அறியாமல் வாழ்ந்து முடித்துவிடுவார்கள். ஒரு பகுதியினருக்குக் குடல் அடைப்பு வரும். சிலருக்குக் கருக்குழாய் சிக்கிக்கொண்டு கருத்தரிப்பது தடைபடும். சிலருக்கு நாட்பட்ட வயிற்று வலி தொடரும். மீண்டும் ஓர் அறுவை தேவைப்பட்டால், உள்ளே நுழையும் மருத்துவருக்கு ஒட்டிய குடலைக் கிழிக்காமல் பிரிப்பதே பாதி வேலையாகிவிடும். ஸ்காட்லாந்தில் 1986-இல் வயிற்றிலோ இடுப்பறையிலோ திறந்த அறுவை செய்துகொண்ட ஏறத்தாழ 30,000 பேரைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்து 1999-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், மூவரில் ஒருவருக்கும் சற்று அதிகமானோர், ஒட்டுதலோடு தொடர்புடைய அல்லது தொடர்பு இருக்கக்கூடிய காரணங்களுக்காகவோ, ஒட்டுதலால் சிக்கலாகக்கூடிய மறு அறுவைக்காகவோ, சராசரியாக இரண்டு முறை மருத்துவமனையில் மீண்டும் சேர்ந்திருந்தார்கள். அந்த மறுசேர்க்கைகளில் ஒட்டுதலே நேரடிக் காரணம் என்று கொள்ளத்தக்கவை 6 விழுக்காட்டுக்கும் குறைவு. கையேடுகள் முதல் எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சிடும். இரண்டாவது எண்ணை நாம்தான் தேடி எடுக்க வேண்டும்.

ஜெல் எதைச் செய்ய முயல்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, ஒட்டுதல் பிறக்கும் முறையைச் சற்றுப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். வயிற்றறையின் உட்சுவரையும் உறுப்புகளையும் போர்த்தியிருக்கும் பெரிட்டோனியம் என்னும் மெல்லிய சவ்வின் மேற்பரப்பு ஒரே அடுக்குச் செல்களால் ஆனது. கத்தரிக்கோலின் முனை, மின்சூட்டுக் கருவியின் வெப்பம், பஞ்சுத்துணியின் உராய்வு, விளக்கொளியின் கீழ் நெடுநேரம் உலர்ந்துபோவது ஆகிய எதுவும் அந்த அடுக்கை உரித்துவிடும். உரிந்த இடத்தில் சில மணி நேரத்துக்குள் ஃபைப்ரின் என்னும் புரத வலை படிகிறது. சாதாரணமாக உடலின் நொதிகள் அந்த வலையை மூன்று நாட்களுக்குள் கரைத்துவிடும்; ஆனால் அறுவையால் காயப்பட்ட சவ்வில் அந்தக் கரைக்கும் திறன் குறைந்துவிடுவதால், எதிரெதிரே உரிந்துகிடக்கும் இரண்டு பரப்புகள், வண்ணம் காயுமுன் சாத்திய கதவு நிலையோடு பிடித்துக்கொள்வதைப்போல, ஃபைப்ரினால் பிணைந்துகொள்கின்றன. அதன் பின்னர் நார்த்திசுச் செல்கள் அங்கே குடியேறி, கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தை இட்டு, இரத்த நாளங்களையும் வளர்த்துக்கொண்டால், தற்காலிகமாக இருந்த பிணைப்பு நிலையான பட்டையாகிவிடும்.

இதில் நமக்குச் சாதகமான செய்தியும் ஒன்று உண்டு. தோல் காயம் விளிம்பிலிருந்து உள்நோக்கி ஆறும். பெரிட்டோனியமோ காயத்தின் பரப்பு முழுவதிலும் ஒரே நேரத்தில் ஆறுகிறது. ஆகவே சிறிய உரிசலும் பெரிய உரிசலும் ஏறத்தாழ ஒரே கால அளவில், அதாவது ஒரு வாரத்திலோ அதற்குச் சற்றுக் கூடுதலான நாட்களிலோ, புதிய மேற்பரப்பைப் பெற்றுவிடுகின்றன. இரு பரப்புகளையும் அந்த ஒரு வாரம் மட்டும் பிரித்து வைத்துவிட்டுத் தானாகக் கரைந்து மறையும் பொருள் ஒன்று கிடைத்தால் போதும். தடுப்பு ஜெல்லின் அடிப்படைக் கருத்து இவ்வளவுதான். எளிமையான, உடற்கூற்று அறிவோடு முரண்படாத கருத்து என்பதால்தான், இந்தப் பொருளை வெறும் விற்பனைத் தந்திரம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வருவதில்லை.

சந்தையில் உள்ள ஜெல்கள் பெரும்பாலும் மூன்று குடும்பங்களைச் சேர்ந்தவை. முதலாவது, நம் மூட்டுகளிலும் கண்ணிலும் இயல்பாகவே உள்ள ஹையலுரானிக் அமிலத்தை அடிப்படையாகக் கொண்டது. அந்த அமிலத்தை அப்படியே ஊற்றினால் உடல் விரைவில் உறிஞ்சிவிடும் என்பதால், அதன் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்துக் கெட்டியாக்குகிறார்கள்; இத்தாலியில் உருவான ஹையலோபேரியர் இந்த வகையில் நன்கு அறியப்பட்ட பெயர். இரண்டாவது, கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸைப் பாலியெத்திலீன் ஆக்ஸைடோடு கலந்து செய்த இன்டர்கோட் போன்றது. மூன்றாவது, பாலியெத்திலீன் கிளைக்கால் வகை. இதில் தனித்தனியே இரண்டு நீர்மங்கள் வந்து, தெளிப்பானின் முனையில் சந்தித்து, திசுவின் மேல் விழுந்த சில நொடிகளில் கூழாக உறைந்துவிடும். ஸ்பிரேஜெல் என்ற பெயரில் வந்த தயாரிப்பில் நீல நிறம் சேர்த்திருந்தது, பூசிய இடம் எது, விடுபட்ட இடம் எது என்று பார்வையாலேயே தெரிந்துகொள்வதற்காக. அந்த நீலத்தைக் கண்டுபிடித்தவர் அறுவை அரங்கில் நின்று அவதிப்பட்டவராகத்தான் இருக்க வேண்டும் என்று நான் நினைப்பதுண்டு.

ஏனெனில் ஹையலுரானிக் வகையின் முதல் குறையே அதன் தெளிவுதான். லேப்ராஸ்கோப்பி முறையில், அதாவது வயிற்றில் சிறு துளைகளிட்டுக் கேமரா வழியாகப் பார்த்து, கருப்பையின் நார்க்கட்டியை அகற்றி, பின்சுவரில் தையல் போட்டு முடித்த தருணத்தை எடுத்துக்கொள்வோம். 10 மில்லிலிட்டர் அளவில் முன்னரே நிரப்பிவரும் சிரிஞ்சோடு நீண்ட மெல்லிய குழாயை இணைத்து, வயிற்றுத் துளை வழியாக உள்ளே செலுத்துகிறோம். ஜெல் கெட்டியானது, குழாயும் நீளமானது. ஆகவே கட்டைவிரலுக்கு நல்ல எதிர்ப்புத் தெரியும், அழுத்தத் தொடங்கிய பின் சற்று நேரம் எதுவும் வெளிவராது, பிறகு மெதுவாக ஒரு திரி போல வரும். குழாய்க்குள்ளேயே தங்கிவிடும் பகுதியையும் கணக்கில் கொண்டால், தையலின் மேல் உண்மையில் சேருவது சிரிஞ்சில் எழுதியிருக்கும் அளவைவிடக் குறைவு. திசுவும் ஈரமாக மின்னும், ஜெல்லும் மின்னும், கேமராவின் ஒளி இரண்டின் மேலும் ஒரே மாதிரிதான் பட்டுத் திரும்பும். எந்த இடத்தில் பூச்சு மெலிந்திருக்கிறது என்று திரையைப் பார்த்துச் சொல்வது கடினம். குழாயின் முனையால் இலேசாகத் தொட்டு, அங்கே குழைவு தெரிகிறதா என்று பார்ப்பதே எனக்கு நம்பகமான வழியாக இருந்து வருகிறது.

பூசுவதற்கு முன் செய்ய வேண்டியவை, பூசுவதைவிட முக்கியமானவை. இரத்தக் கசிவு முழுவதும் நின்றிருக்க வேண்டும். கழுவிய நீர் அனைத்தையும் உறிஞ்சி எடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜெல் திசுவைப் பற்றாமல் நீரின் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். பூசிய பிறகு மீண்டும் கழுவக் கூடாது. நோயாளியின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தி வைத்திருந்த மேசையைச் சமநிலைக்குக் கொண்டுவரும்போது, மேலே ஒதுங்கியிருந்த குடல் இடுப்பறைக்குள் மீண்டும் வந்து அமர்கிறது. அப்போது தையலின் மேலிருந்த பூச்சில் ஒரு பகுதி நகர்ந்துவிடலாம். விளக்கக் காணொளிகளில் பூசி முடித்த காட்சியோடு படம் நின்றுவிடும். மேசை சமநிலைக்கு வந்த பின் என்ன ஆனது என்று எவரும் காட்டுவதில்லை. ஆயினும் பழகிய கைக்கு இந்த வேலை முழுவதும் சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்பதையும், உறுப்பின் மடிப்புகளுக்குள்ளும் இடுக்குகளுக்குள்ளும் இறங்கிப் படிவதில் ஜெல்லுக்கு ஈடாகத் தாள் வடிவில் வரும் தடுப்புப் பொருள் எதுவும் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தாள் என்றதும் செப்ராஃபிலிமையும் இன்டர்சீடையும் பேசாமல் போக முடியாது, ஏனென்றால் ஜெல்லின் உண்மையான போட்டியாளர்கள் அவைதான். 1989-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இன்டர்சீட், ஆக்சிஜனேற்றம் செய்த செல்லுலோஸால் நெய்த துணி. இரத்தம் பட்டால் பயன் கெட்டுவிடும் என்பது அதன் தீராத குறை. 1996-இல் அனுமதி பெற்ற செப்ராஃபிலிம், ஹையலுரானேட்டும் கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸும் சேர்ந்த ஒளி ஊடுருவும் தாள். உலர்ந்திருக்கும்போது முறிந்துவிடும், கையுறையில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் திசுவில் ஒட்டுவதற்கு முன் விரலில் ஒட்டிக்கொள்ளும், லேப்ராஸ்கோப்பித் துளை வழியாக அதை நுழைக்க முயன்று பொறுமை இழக்காதவர்கள் குறைவு. உள்ளே வைத்த ஓரிரு நாட்களில் அதுவும் கூழாகிவிடுகிறது, ஆகவே விளைவில் அதுவும் ஒரு ஜெல் என்றே சொல்லலாம். அடெப்ட் என்னும் 4 விழுக்காடு ஐகோடெக்ஸ்ட்ரின் கரைசலோ முற்றிலும் வேறு வழி: அறுவை முடிந்ததும் ஒரு லிட்டர் அளவுக்கு வயிற்றுக்குள் விட்டுவிட்டால், உறுப்புகள் சில நாட்கள் அதில் மிதந்தபடி விலகியிருக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. ஐகோடெக்ஸ்ட்ரின் சிதைந்து உண்டாகும் மால்டோஸை, சில வகைச் சர்க்கரைமானிகள் குளுக்கோஸ் என்று தவறாகப் படித்து, இல்லாத உயர் அளவைக் காட்டும். அதை நம்பி இன்சுலின் கொடுத்தால் ஆபத்து.

இனிச் சான்றுகளுக்கு வருவோம். இரண்டாம் முறை லேப்ராஸ்கோப்பி செய்து உள்ளே பார்த்து ஒட்டுதலை எண்ணும் ஆய்வுகளில், எதையும் பூசாமல் விட்டவர்களைவிட ஜெல் பூசியவர்களுக்கு ஒட்டுதல் குறைவாக இருப்பது திரும்பத் திரும்பத் தென்பட்டிருக்கிறது. பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கோக்ரேன் அமைப்பு மகளிர் அறுவைகளைப் பற்றிச் செய்த தொகுப்பாய்வும் அதை ஏற்கிறது. அதே தொகுப்பாய்வு, இடுப்பு வலி குறைந்ததா, உயிருள்ள குழந்தை பிறந்ததா என்ற கேள்விகளுக்கு விடை சொல்லப் போதிய தரவு இல்லை என்றும், கிடைத்த ஆய்வுகளின் தரம் பெரும்பாலும் தாழ்வானது என்றும் கூறுகிறது. பல ஆய்வுகளுக்குப் பணம் கொடுத்தவர்கள் தயாரிப்பாளர்களே. நோயாளி கேட்பது வலி இல்லாத வயிறு, அல்லது ஒரு குழந்தை, அல்லது அடைப்பு வராத குடல். ஆய்வு அளந்ததோ ஒட்டுதலின் பரப்பையும் தடிமனையும் கூட்டிப் போட்ட ஒரு மதிப்பெண். அந்த மதிப்பெண் குறைந்தால் நோயாளியின் துன்பமும் அதே அளவில் குறையும் என்று எவரும் நிறுவிவிடவில்லை. ஒரே ஒரு மெல்லிய பட்டை குடலை முறுக்கி உயிருக்கு உலை வைப்பதும் உண்டு. வயிறு முழுக்க ஒட்டியிருந்தும் ஒரு தொல்லையும் இல்லாதவர்களும் உண்டு.

இவ்விடத்தில் விற்பனைப் பேச்சில் நிகழும் ஒரு கைமாற்றைக் கவனிக்க வேண்டும். குடல் அறுவையில் மறு அறுவை குறைந்தது என்று காட்டிய வலுவான சான்று, ஜெல்லுக்குக் கிடைத்தது அல்ல. செப்ராஃபிலிம் தாளுக்குக் கிடைத்தது. 1996-இல் பெருங்குடல் அகற்றப்பட்ட நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், தாள் வைத்தவர்களில் 51 விழுக்காட்டினருக்கு ஒட்டுதலே இல்லை. வைக்காதவர்களில் அப்படி இருந்தவர்கள் 6 விழுக்காடு மட்டுமே. அவ்வளவு பெரிய வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தும், 2006-இல் 1,700-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில் மொத்தக் குடல் அடைப்பின் விகிதம் இரு தரப்பிலும் ஒன்றாகவே இருந்தது. அறுவை தேவைப்பட்ட ஒட்டுதல் அடைப்பு மட்டும் 3.4 விழுக்காட்டிலிருந்து 1.8 விழுக்காடாகக் குறைந்திருந்தது. 51-க்கு 6 என்ற படம், வாழ்க்கையில் 1.8-க்கு 3.4 என்று சுருங்குகிறது. அந்தச் சுருங்கிய பயன்கூட உண்மையான பயன்தான். ஆனால் தாளின் பெயரில் வந்த அந்த எண்களைச் சொல்லி ஜெல்லை விற்க வருபவரிடம், உங்கள் தயாரிப்புக்கே உரிய ஆய்வைக் காட்டுங்கள் என்று கேட்பதில் தவறில்லை.

ஜெல்களின் வரலாற்றில் மறக்கக் கூடாத பெயர் இன்டர்ஜெல். ஹையலுரானிக் அமிலத்தை இரும்பு அயனிகளால் பிணைத்துச் செய்த அந்த ஜெல்லை 300 மில்லிலிட்டர் அளவில் வயிற்றுக்குள் ஊற்றுவார்கள். திறந்த மகளிர் அறுவைகளுக்கென்று 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2003 மார்ச் மாதத்தில் தயாரிப்பாளரே உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டார். அறுவைக்குப் பல நாட்கள் கழித்துத் தொடங்கும் வலி, கிருமி இல்லாமலே உண்டாகும் அழற்சி, மறு அறுவையின் தேவை ஆகியவை பற்றிய புகார்கள் வந்துகொண்டிருந்தன. ஒட்டுதலைத் தடுக்க வந்த பொருளாலேயே திசுக்கள் ஒட்டிக்கொண்டதாகவும் அவற்றில் சில கூறின. குடல் அறுவையில் அதைச் சோதித்த ஓர் ஆய்வு, ஜெல் பெற்றவர்களுக்குச் சிக்கல்கள் மிகுந்ததால் பாதியில் நிறுத்தப்பட்டது. இன்றைய ஜெல்கள் வேறு வேதியியலைக் கொண்டவை, அவற்றின் மேல் அந்தப் பழியைச் சுமத்துவது நியாயமாகாது. இருந்தாலும் முயல்களிலும் எலிகளிலும் அழகாக வேலை செய்து, மனிதர்களிடம் ஒட்டுதல் மதிப்பெண்ணையும் குறைத்துக் காட்டி, அமெரிக்க அனுமதியும் பெற்ற ஒரு பொருள் அதன் பின் இரண்டு ஆண்டுகள்கூட நிற்கவில்லை என்பதை அறிந்த பின்பு, இயற்கையான பொருள், ஆகவே பாதுகாப்பானது என்ற வாக்கியத்தைக் கேட்டால் எனக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது.

ஆகவே நான் இதை எல்லா வயிற்றுக்கும் பரிந்துரைப்பதில்லை. கருத்தரிக்க விரும்பும் பெண்ணுக்கு நார்க்கட்டி அகற்றும்போதும், கருப்பையின் உட்படலத்தைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸுக்காகச் சினைப்பையைச் சுற்றி உரிக்க நேரும்போதும், ஏற்கெனவே ஒட்டியிருந்தவற்றைப் பிரித்துவிட்டு அவை மீண்டும் ஒட்டாமல் இருக்க வேண்டும் என்னும்போதும் ஜெல்லைப் பயன்படுத்துவதில் பொருள் இருக்கிறது, ஏனென்றால் எங்கே ஒட்டும் என்பது அங்கே முன்கூட்டியே தெரிகிறது, பூச வேண்டிய பரப்பும் சிறியது. சீழோ கிருமித்தொற்றோ உள்ள வயிற்றில் இதற்கு இடமில்லை. புதிதாக வெட்டி இணைத்த குடலின் தையலைச் சுற்றித் தடுப்புப் பொருளை வைப்பதையும் தவிர்க்க வேண்டும். செப்ராஃபிலிம் தாளை அப்படிச் சுற்றியவர்களுக்கு இணைப்பில் கசிவு கூடியது ஆய்விலேயே தெரிந்தது. பாலியெத்திலீன் கிளைக்கால் வகையைப் பூசும்போது, அவற்றுள் கோசீல் போன்றவை உள்ளே நீரை உறிஞ்சி ஒரு நாளுக்குள் நான்கு மடங்கு வரை பருக்கக்கூடியவை என்பதை நினைவில் வைத்து, குறுகிய இடத்தில் தடிமனாகப் பூசுவதைத் தவிர்க்க வேண்டும்.

வயிற்றின் ஓரிடத்தில் பூசிய ஜெல், வேறிடத்தில் கவனமின்றி உரித்ததைக் காப்பாற்றாது. திசுவை மென்மையாகப் பிடிப்பது, உலரவிடாமல் ஈரப்படுத்துவது, தேவைக்கு மேல் சுடாமல் இருப்பது, பஞ்சுத்துணியால் தேய்க்காமல் இருப்பது ஆகியவை எந்தச் சிரிஞ்சுக்கும் முந்தியவை. கையுறையில் தூவும் மாவுத்தூள்கூட ஒட்டுதலைத் தூண்டும் என்பதும் ஒரு காரணமாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-இல் தூள் பூசிய கையுறைகளைத் தடைசெய்தது. திறந்த அறுவையைவிட லேப்ராஸ்கோப்பி செய்துகொண்டவர்களுக்கு ஒட்டுதலால் நேரும் மறுசேர்க்கை குறைவு என்று ஸ்காட்லாந்துத் தரவுகளை வைத்து 2020-இல் மீண்டும் செய்த ஆய்வும் காட்டியது. இவை எதையும் தனியாகப் பொட்டலமிட்டு விற்க முடியாது என்பதால் இவற்றுக்குக் கையேடு கிடையாது.

அறுவைக்குப் போகிறவர் தம் மருத்துவரிடம், எனக்கு ஜெல் வைப்பீர்களா என்று கேட்பதைவிட, எனக்கு எந்த இடத்தில் ஒட்டுதல் வரும் என்று எதிர்பார்க்கிறீர்கள், அது எனக்கு என்ன தொல்லை கொடுக்கக்கூடும் என்று கேட்டால் உரையாடல் பயனுள்ளதாக இருக்கும். அதற்குத் தெளிவான விடை வந்து, ஜெல்லும் வைப்பதென்று முடிவானால், அதன் பெயர், அளவு, தொகுதி எண், பூசிய இடம் ஆகியவற்றை அறுவைக் குறிப்பில் எழுதி, வீடு திரும்பும்போது தரும் சுருக்கத்திலும் சேர்க்கச் சொல்ல வேண்டும். பல சுருக்கங்களில் இந்த வரி இருப்பதில்லை. பத்து நாள் கழித்து வலியும் காய்ச்சலும் வந்து வேறொரு மருத்துவமனைக்கு ஓட நேர்ந்தால், ஸ்கேனில் தெரியும் நீர்த்தேக்கத்தைப் பார்க்கும் மருத்துவருக்கு, உள்ளே முன்னரே ஒரு பொருள் வைக்கப்பட்டிருக்கிறது என்ற அந்த வரிதான் முதலில் தேவைப்படும்.